கொல்லையில் ஆர்மடில்லோவா? கூண்டு வைப்பது முதல் வளையை அடைப்பது வரை

“பெருச்சாளிடா இது. ஊர்ல நம்ம மாட்டுக்கொட்டாய்ல இப்படித்தான் பறிச்சுப் போடும்.”

டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டினுக்கு வடக்கே நாங்கள் வீடு வாங்கிய இரண்டாம் வருஷம், ஆறு மாத விசாவில் வந்திருந்த அம்மா பின்பக்கப் புல்தரையைப் பார்த்துவிட்டுச் சொன்னது இது. முந்தைய நாள் மாலைவரை ஒழுங்காக இருந்த புல், விடிந்தால் பணியாரச் சட்டி மாதிரி குழிகுழியாக இருந்தது. எண்ணிப் பார்த்தேன், முப்பதுக்கு மேல். அம்மா சொன்னதை நம்பி எலிப்பொறி வரை விசாரித்துவிட்டேன். ஆள் வேறு, முதுகில் ஓடு போர்த்திய ஆர்மடில்லோ என்கிற பிராணி என்பது நாலு நாள் கழித்து, ராத்திரி டார்ச்சோடு போய் நின்றபோதுதான் தெரிந்தது.

டெக்சாஸ், லூசியானா, ஃபுளோரிடா, ஜார்ஜியா பக்கம் புதிதாக வீடு வாங்கிய நம்மவர்கள் அடிக்கடி கேட்பதால், நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பிராணியைத் தீனி காட்டி மடக்க முடியாது. அது நடக்கும் பாதையைத்தான் மடக்க வேண்டும். இது புரியாமல் நான் மூன்று மாதமும் கொஞ்சம் டாலரும் தொலைத்தேன்.

படி 1: வந்தது யார்?

அமெரிக்காவில் காட்டில் திரிவது ஒரே ஒரு வகை ஆர்மடில்லோதான், முதுகில் ஒன்பது பட்டை உள்ளது. 1850 வாக்கில் மெக்சிகோவிலிருந்து ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி டெக்சாஸுக்குள் வந்தது, இப்போது வடக்கே நெப்ராஸ்கா, இலினாய் வரை போய்விட்டது. “எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடை இருக்கிறதே, அதைத் தாண்டியா வரும்?” என்று கேட்காதீர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடையின் அடியில் நடந்தே அக்கரை போகும். அகலமான தண்ணீர் என்றால் காற்றை விழுங்கி வயிற்றை உப்ப வைத்துக்கொண்டு மிதந்து போகும்.

படம் பார்த்தால் நம் ஊர் அழுங்கு (எறும்புத்தின்னி) ஞாபகம் வரும். அம்மாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் இரண்டும் உறவே இல்லை. அழுங்கின் செதில் நம் நகம் போன்ற பொருள், ஆர்மடில்லோவின் ஓடு எலும்பு. தொட்டால் உருண்டையாகச் சுருண்டுகொள்வது அழுங்கு. இந்த ஒன்பது பட்டைக்காரருக்கு அது வராது. பயந்தால் நின்ற இடத்திலிருந்தே மூன்று நான்கு அடி மேலே எம்பும். நெடுஞ்சாலையில் இத்தனை செத்துக் கிடப்பதற்கு அதுவும் காரணம்: கார் மேலே கடந்து போகும்போது எம்பி, காரின் அடிப்பக்கத்தில் மோதிக்கொள்கிறது.

குழியை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது இப்படி: ஒன்றிலிருந்து மூன்று இன்ச் ஆழம், மூன்றிலிருந்து ஐந்து இன்ச் அகலம், கூம்பு வடிவம், மண் ஒரு பக்கமாகச் சிதறியிருக்கும். இது ஆர்மடில்லோ. புல்லைப் பாய் சுருட்டுவதுபோல உரித்துப் போட்டிருந்தால் ரக்கூன். மண் குவியல் குவியலாக மேலே வந்திருந்தால் கோஃபர் (மண்ணுக்குள் வளை தோண்டும் எலி போன்ற பிராணி). மொத்தத் தரையையும் ஏர் உழுதது போலப் புரட்டியிருந்தால் காட்டுப்பன்றி, அதற்கு இந்தப் பதிவு உதவாது. ஸ்கங்க் (பயந்தால் நாற்றத் திரவத்தைப் பீய்ச்சும் பிராணி) போடும் குழியும் ஏறக்குறைய இதேபோல இருக்கும், அங்கேதான் பலர் ஏமாறுவது. சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. குழி விழும் இடத்தில் கோலப்பொடியைச் சல்லடையில் மெல்லத் தூவிவிட்டுப் படுக்கப் போங்கள். (அரிசிமாவு வேண்டாம், எறும்பு வரும். எறும்பும் இதற்குத் தீனிதான்.) காலையில் பறவைக்கால் மாதிரி நீள நகத் தடங்களும், நடுவில் வாலை இழுத்துக்கொண்டு போன கோடும் இருந்தால் ஆள் உறுதி.

டார்ச் அடித்தும் பார்க்கலாம். நான் பார்த்தபோது இரவு பதினொன்றரை இருக்கும். முதலில் சத்தம்தான் கேட்டது, சளி பிடித்த குழந்தை மூச்சு விடுவது போல ஒரு உறுமல். பிறகு வேலியோரத்தில் புல் அசைந்தது. மூக்கைத் தரையிலிருந்து எடுக்காமல், முன்னங்காலால் இரண்டு கீறு, மூக்கை உள்ளே விட்டு ஒரு உறிஞ்சல், நாலு எட்டு, மறுபடி கீறு. டார்ச் வெளிச்சத்தைச் சட்டையே செய்யவில்லை, அதற்குக் கண் அவ்வளவு மங்கல். நேராக என் செருப்பு வரை வந்து முகர்ந்தது. நான் காலை இழுத்ததும் என் முழங்காலுக்கு மேல் எம்பிக் குதித்து, வேலியை ஒட்டியே ஓடிப் பக்கவாட்டுச் சந்துக்குள் போய்விட்டது. வேலியை ஒட்டி என்பதை நினைவில் வையுங்கள். திரும்ப வருவேன்.

படி 2: பணத்தை வீணாக்காத பட்டியல்

அதைச் சமாளிக்க நான் முதலில் வாங்கியது ஒரு மூட்டை குருணை. தெளித்தால் மணம் பிடிக்காமல் ஓடிவிடும் என்று போட்டிருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஆமணக்கு எண்ணெய். “விளக்கெண்ணெயைக் காசு குடுத்து வாங்கித் தரையில ஊத்துறியா?” என்று கேட்டுவிட்டு அம்மா என்னைப் பார்த்த பார்வையில், அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் இன்னொரு அர்த்தமும் இருந்தது. அன்று இரவே குருணை மேலேயே நாலு குழி.

மிளகாய்த்தூள் முதல் மழையோடு போகும். அந்துருண்டையைத் தோட்டத்தில் போடவே போடாதீர்கள். வேலை செய்யாது என்பது ஒரு பக்கம், பெட்டியில் எழுதியுள்ள பயன்பாட்டைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்துவது இங்கே சட்டப்படி தவறு, குழந்தைக்கும் நாய்க்கும் விஷம். மண்ணில் வேர்ப்புழுவுக்கு மருந்தடித்தால் தீனி இல்லாமல் போய்விடும் என்பார்கள். ஓரளவு சரி, ஆனால் இது மண்புழு, வண்டு, எறும்பு எல்லாம் தின்னும். புழுவே இல்லாத தோட்டத்தை உண்டாக்க முயல்வது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

ஒரே ஒரு இலவச வைத்தியம் உண்டு: தண்ணீரைக் குறையுங்கள். ஈர மண் தோண்ட லேசு, புழுவும் மேலே வரும். கோடையில் தெருவே காய்ந்து கிடக்கும்போது உங்கள் செயின்ட் அகஸ்டின் புல் மட்டும் தினமும் ஸ்பிரிங்க்ளரில் நனைந்தால், தெருவுக்கே நீங்கள்தான் அன்னதானம் போடுகிறீர்கள்.

படி 3: வளையைத் தேடுங்கள்

புல்தரைக் குழி வெறும் சாப்பாட்டு மேசை. வீடு வேறு இடத்தில் இருக்கும். ஏழெட்டு இன்ச் அகலத்தில் ஒரு வாய், உள்ளே பதினைந்து அடி நீளம் வரைகூடப் போகும். ஏசி வெளி யூனிட் உட்கார்ந்திருக்கும் கான்கிரீட் பலகைக்கு அடியில், பேட்டியோ (வீட்டை ஒட்டிய திறந்த தளம்) ஓரம், டெக்குக்கு (மரப்பலகைத் தளம்) கீழே, புதர் மூட்டில், விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் பாருங்கள். புல் போனால் மறுபடி வளரும். அஸ்திவாரத்துக்கு அடியில் மண் போனால் சுவரில் விரிசல் வரும், ஆகவே நான் குழியைவிட வளைக்குத்தான் பயப்படுவேன்.

கண்டதும் அடைத்துவிடாதீர்கள். செய்தித்தாளைக் கசக்கி வாயில் லேசாகச் செருகுங்கள். மறுநாள் தள்ளிவிட்டிருந்தால் உள்ளே குடித்தனம் இருக்கிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை என்றால் கூடுதல் கவனம் வேண்டும், அது குட்டி போடும் காலம். இந்த இனத்தில் ஒரே கரு நாலாகப் பிரிந்து, அச்சில் வார்த்த மாதிரி நாலு குட்டிகள், நாலுமே ஆண் அல்லது நாலுமே பெண்ணாகப் பிறக்கும். தாயை நீங்கள் பிடித்துவிட்டால் உள்ளே நாலும் பட்டினியில் சாகும், நாற்றமும் உங்களுக்குத்தான். குட்டிகள் வெளியே வந்து தாய் பின்னால் வரிசையாக நடக்கும்வரை நான் காத்திருந்தேன். அந்த வரிசையைப் பார்த்த பிறகு கூண்டு வைக்கவே மனசில்லாமல் இன்னும் ஒரு வாரம் போனது வேறு விஷயம்.

படி 4: முதலில் ஒரு போன்

கூண்டு வாங்கும் முன்பே உங்கள் ஊர் அனிமல் கன்ட்ரோலை (விலங்குத் தொல்லையைக் கவனிக்கும் உள்ளூர் அரசுப் பிரிவு) கூப்பிட்டு, “பிடித்தால் வந்து எடுத்துக்கொள்வீர்களா?” என்று கேளுங்கள். டெக்சாஸில் ஆர்மடில்லோ பாதுகாக்கப்பட்ட விலங்கு இல்லை. ஆனால் உயிரோடு வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். காரில் போட்டுக் கொண்டுபோய் ஏதோ பார்க்கில் விட்டுவிட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள், அதற்கு டெக்சாஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் அனுமதி வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். அனிமல் கன்ட்ரோல் வரமாட்டோம் என்றால் உரிமம் உள்ள ஆள் வைத்துப் பிடிப்பதுதான் வழி. 1995ல் டெக்சாஸ் இதைத் தன் அதிகாரப்பூர்வச் சிறு பாலூட்டியாக அறிவித்தது என்பதையும் பக்கத்து வீட்டுக்காரர் உங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

படி 5: கூண்டு, அதைவிடப் பலகை

விஷயத்துக்கு வந்துவிட்டோம்.

10 இன்ச் அகலம், 12 இன்ச் உயரம், 32 இன்ச் நீளம், இதுதான் அளவு. இரண்டு பக்கமும் கதவு திறக்கும் கூண்டு கிடைத்தால் நல்லது. மறுபக்கம் வெளிச்சம் தெரிவதால் சந்து மாதிரி நினைத்து உள்ளே நடக்கும்.

எல்லோரும் அடுத்துக் கேட்பது, உள்ளே என்ன வைப்பது? நான் கனிந்த வாழைப்பழம் வைத்தேன், ஒப்போசம் என்கிற வேறொரு பிராணி மாட்டியது. பூனைத் தீனி வைத்தேன், பக்கத்து வீட்டுப் பூனை மாட்டியது, அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆர்மடில்லோ கூண்டுக்கு ஒரு கை தூரத்தில் குழி பறித்துச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. அது மண்ணுக்குள் அரை அடி ஆழத்தில் ஊரும் புழுவை முகர்ந்து எடுக்கிறது. அதற்கு மேலே கிடக்கும் வாழைப்பழம் எதற்கு?

தீர்வு பலகையில் இருக்கிறது. கண் மங்கல் என்பதால் சுவரையோ வேலியையோ உரசிக்கொண்டே நடக்கும், டார்ச் இரவில் பார்த்தேனே, அது. ஆகவே:

1. கோலப்பொடியில் தடம் விழுந்த வேலியோரத்தில், வேலிக்கு இணையாக, ஒட்டியே கூண்டை வையுங்கள்.
2. 6 இன்ச் உயரம், 6 அடி நீளமுள்ள பலகையைக் குத்துவாக்கில் நிறுத்துங்கள். ஒரு முனை கூண்டின் வாயை ஒட்டி, மறுமுனை புல்தரைப் பக்கம் விரிந்து. வேலி ஒரு கை, பலகை மறு கை, நடுவில் புனல் மாதிரிப் பாதை.
3. பலகை சாயாமல் இரண்டு பக்கமும் சின்னக் குச்சி அடியுங்கள். மறுபக்கக் கதவுக்கும் இதே மாதிரி ஒரு பலகை.
4. கூண்டுக்குள் கம்பித் தரை தெரியாதபடி ஒரு பிடி மண் தூவுங்கள்.
5. அந்தி சாய்ந்ததும் கதவைத் தூக்கி வையுங்கள், விடிந்ததும் பாருங்கள், பகலில் மூடி வையுங்கள். டெக்சாஸ் வெயிலில் கம்பிக் கூண்டுக்குள் கிடந்தால் மதியத்துக்குள் செத்துவிடும். குளிர்காலத்தில் மட்டும் பகலில் நடமாடும், அப்போது மதியம் வைத்து இருட்டும்போது பார்க்கலாம்.

வாழைப்பழத்தோடு ஒன்பது ராத்திரி வெறுங்கூண்டு. பலகை வைத்த இரண்டாம் ராத்திரி மாட்டியது.

காலையில் கூண்டில் கறுப்பு உடம்பும் வெள்ளைக் கோடும் தெரிந்தால் அது ஸ்கங்க். பெரிய பழைய போர்வையை முன்னால் பிடித்துக்கொண்டு மெல்லப் போய் முழுக்க மூடிவிட்டுப் போன் செய்யுங்கள். இதில் அவசரப்பட்டவர் வீட்டுக்கு ஒரு வாரம் விருந்தாளி வரமாட்டார்.

படி 6: தொடாதீர்கள்

ஆர்மடில்லோவாகவே இருந்தாலும் போர்வை போட்டு மூடினால் அடங்கும். கனத்த கையுறை இல்லாமல் கூண்டைத் தூக்க வேண்டாம், குழந்தைகளைக் கிட்டே விடவும் வேண்டாம். இதன் உடல் வெப்பம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ்தான், தொழுநோய்க் கிருமிக்கு வசதியான சூடு. அமெரிக்காவின் தெற்கில் சில ஆர்மடில்லோக்களிடம் அந்தக் கிருமி இருக்கிறது, அவற்றிலிருந்து மனிதருக்குத் தொற்றுவதைக் காட்டும் ஆய்வு 2011ல் வந்தது. பயந்து வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இயல்பாகவே எதிர்ப்பு உண்டு, வந்தாலும் மருந்தில் குணமாகும். புல்தரையில் நடப்பதால் வந்துவிடாது. வெறும் கையால் பிடிப்பது, அறுப்பது, தின்பது ஆகியவைதான் ஆபத்து. 1930களின் பஞ்சத்தில் இங்கே ஏழைகள் இதைச் சமைத்துத் தின்று, அப்போதைய ஜனாதிபதி மேல் இருந்த கோபத்தில் “ஹூவர் பன்றி” என்று பெயரும் வைத்தார்கள். இப்போது யாராவது சுட்டுத் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டுவிடுங்கள்.

படி 7: வளையை அடைப்பது

ஆள் போன பிறகு செய்தித்தாளை மறுபடி செருகி மூன்று நாள் பாருங்கள். அசையவில்லை என்றால் சரளைக்கல்லும் மண்ணும் கலந்து இறுக்கிக் குத்தி நிரப்புங்கள். ஏசி பலகை, டெக் ஓரங்களில் இது போதாது: கனமான கம்பி வலையை ஒன்று ஒன்றரை அடி ஆழத்துக்கு இறக்கி, அடிமுனையை வெளிப்பக்கமாக மடக்கிப் புதைக்க வேண்டும். அது எங்கே தோண்டினாலும் கம்பி தட்டுப்படும். தரைக்கு மேலே இரண்டு அடி போதும். தோண்டும் முன் 811க்குப் போன் செய்து பூமிக்கடியில் கேஸ், கரண்ட் லைன் எங்கே போகிறது என்று குறித்து வாங்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

புல்தரைக் குழிகளுக்குப் பெரிய வைத்தியம் இல்லை. பெயர்ந்த புல்லைத் திரும்ப வைத்து, காலால் மிதித்து, இரண்டு நாள் தண்ணீர் விட்டால் பிடித்துக்கொள்ளும்.

போன மாதம் எதிர்வீட்டுக்காரர் கூண்டு இரவல் கேட்டு வந்தார். இரண்டு பலகையையும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் தோட்டக் குழாயைத் திருகிக் கூண்டைக் கழுவப் போனபோது ஓடிப்போய் நிறுத்தினேன். ஒருமுறை ஆர்மடில்லோ கிடந்த கூண்டு அதன் வாடையோடு இருந்தால்தான் அடுத்தது சந்தேகமில்லாமல் உள்ளே வரும். கையுறை மட்டும் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.