வாடைக்காலத்தில் ஒரு மரம், ஒரு கரை: ராமநாதபுரத்துக் கடலோரத்தில் கவனிக்கத் தொடங்கும் முறை

ஐப்பசியில் வாடை எடுத்ததும் உள்ளான், ஆலா, கடற்காகம் முதலிய கரைப்பறவைகள் எல்லாம் வடக்கிலிருந்து நம் கரைக்கு வந்து மாசி, பங்குனி வரை தங்கும். புயல் எச்சரிக்கை, கடலுக்குப் போகத் தடை என்று நிலைமை கெடுவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். ஆகவே மரத்தையும் பறவையையும் கவனிக்க பஸ் பிடித்துப் போகும் இடத்தை நம்ப வேண்டாம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மரமும் கரையில் ஓர் இடமும் தேர்ந்துகொள்ளுங்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, பென்சில். கடலோர ஈரத்தில் பேனா மை ஊறிவிடும். பைனாகுலர் வாங்குவதானால் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.) போதும். 10 மடங்கு காட்டுவது வாடைக்காற்றில் கை ஆடும்போது நிற்காது. லென்ஸில் படியும் உப்பையும் மணலையும் உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் மென்மையான பிரஷ்ஷால் மணலைத் தட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

2. மரம்

பூவரசு, வேம்பு, வாதாம் மூன்றில் எது தெருவில் நிற்கிறதோ அது. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில் பாருங்கள். தளிர், முற்றிய இலை, பூ, காய் என நான்குக்கும் தனித்தனியாக ‘இல்லை’, ‘கொஞ்சம்’, ‘நிறைய’ என்று எழுதுங்கள். மரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் ‘நிறைய’.

தொடங்குபவர்கள் தடுமாறுவது இங்கேதான். பூவரசம்பூ மஞ்சளாக மலர்ந்து, வாடும்போது சிவக்கும். இரண்டும் ஒரே பூ. வாதாம் இலை உதிருமுன் சிவப்பது இயல்பு, நோய் அல்ல. ஆனால் பலத்த காற்றுக்குப் பிறகு கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும் ஓரம் கருகியிருந்தால் அது உப்புக் கருகல்; இலையுதிர்வில் சேர்க்காதீர்கள். மரத்தைச் சுற்றி வந்து இரண்டு பக்கமும் பார்த்தால்தான் இது தெரியும். மின்கம்பிக்காகக் கிளை வெட்டினால் தேதியோடு குறியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதம் பூ குறைந்ததன் காரணம் புரியாது.

3. கரை

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம்காரர்களுக்கு இரண்டு கடலும் பக்கம். வாடையில் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் உட்காருங்கள். கடிகார நேரத்தைவிட நீர் வற்றும் நேரமே முக்கியம், ஏனெனில் உள்ளான்கள் அப்போதுதான் சேற்றில் இறங்கி மேயும். வற்றம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். பாசி எடுக்கும் பெண்களிடம் கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்து, 15 நிமிடம் அசையாமல் பார்த்து, எந்தப் பறவை எத்தனை என்று எழுதுங்கள். படத்துக்காகக் கூட்டத்தை எழுப்பாதீர்கள். நெடுந்தூரம் பறந்து வந்தவை, மேயும் நேரம் அவற்றுக்கு உயிர்.

குளிர்காலத்தில் நிறத்தை நம்பாதீர்கள். பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கு இப்போது தலை வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்பொட்டு மட்டும் இருக்கும். பறக்கும்போது கறுத்த இறக்கை நுனியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். தலைகீழாகப் பாய்ந்து மீன் பிடித்தால் ஆலா. உட்கார்ந்தால் மண் நிறமும் எழுந்தால் வெள்ளையுமாக இருப்பது மடையான். பெயர் பிடிபடாவிட்டால் ‘உள்ளான், நீண்ட வளைந்த அலகு’ என்று எழுதினாலே போதும். ஊகித்து எழுதிய பெயரைவிட அது மேல்.

4. போக முடியாத நாள்

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் கரைக்குப் போகாதீர்கள். போய்ப் பார்த்தும் பறவை இல்லையென்றால் 0 போடுங்கள். போகவே இல்லையென்றால் ஒரு கோடு. இரண்டையும் வெற்றாக விட்டால், பறவை வராத வாரம் எது, நீங்கள் போகாத வாரம் எது என்று பின்னால் பிரிக்க முடியாது. கெட்ட காலத்துக் குறிப்பின் மதிப்பே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கும் இதே 15 நிமிடப் பட்டியலை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றலாம்.

5. கவனம்

கடலோரக் காவல் மிகுந்த கரை இது. அடையாள அட்டை வைத்திருங்கள். படகுகள் மீதும் கடற்படை வளாகத்தின் மீதும் பைனாகுலரைத் திருப்பாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்கா. அனுமதியின்றி இறங்கக் கூடாது.

புயலுக்குப் பின் களைத்து விழுந்த கடற்பறவை கிடைத்தால், துணியால் மூடித் தூக்கி, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். செத்த பறவையை வெறுங்கையால் தொடவே கூடாது.