பழைய ஃபிரிட்ஜைப் புகைப்பெட்டி ஆக்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜூன் பிறந்துவிட்டால் எல்லார் வாயிலும் சார்டின் மீன்தான். தென்கரையில் வலை இழுத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்ததும் ஆளுக்கொரு வாளியோடு கிளம்பிவிடுகிறோம். ஒரு கூடை வாங்கி, பொரித்து, குழம்பு வைத்து, அக்கம்பக்கம் கொடுத்த பிறகும் மீன் மிஞ்சும். அப்போதுதான் கொல்லைப்புறத்தில் நிற்கும் செத்துப்போன ஃபிரிட்ஜ் மேல் கண் போகும். 2023-ல் மின்சாரம் போய்ப் போய் வந்ததில் இங்கே எத்தனையோ வீட்டு ஃபிரிட்ஜ்களின் கம்ப்ரசர் எரிந்துபோனது. கெட்டியான சுவர், இறுக்கமான கதவு, உள்ளே தட்டு வைக்க வரிசையாகப் பள்ளங்கள். மீனைப் புகையில் வாட்டுகிற பெட்டிக்கு இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும்.

தோன்றுவது சரிதான். ஆனால் இந்த ஊரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் நான் பார்த்த ஏழெட்டுப் பெட்டிகளில் இரண்டைத் தவிர மற்றவற்றில் வாட்டிய மீனை என் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன்.

பெரிய தவறு பெட்டியைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடந்துவிடுகிறது. எழுபது வருடத்துக்கு முந்தைய ஃபிரிட்ஜ்களில் பலவற்றுக்கு உட்சுவர் இரும்புத் தகடு, அதன் மேல் பீங்கான் பூச்சு. சுவருக்கு நடுவே கண்ணாடி இழையோ கல்லை உருக்கி இழையாக்கிய ராக்வூல் கம்பளியோ இருக்கும் (ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாரிழையாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம்). இன்று நம் வீடுகளில் இருப்பவை வேறு. உட்சுவர் பிளாஸ்டிக், அதற்குப் பின்னால் பாலியூரித்தேன் நுரை. அந்தப் பிளாஸ்டிக் 90, 100 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாலே இளக ஆரம்பிக்கும். நுரை தீப்பிடித்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். இரண்டும் ஆளைக் கொல்லும் வாயுக்கள்.

எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் அடித்தட்டில் மின்சார ஹாட்பிளேட்டை வைத்து, அதன் மேல் மரத்தூள் சட்டியை வைத்துவிட்டார். அவர் கூப்பிட்டுப் போய்ப் பார்த்தேன். பின்சுவர் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பி வளைந்திருந்தது. கீழ்மூலையில் ஒரு விரல் அகலத்துக்கு வெடிப்பு. அதற்குள் மஞ்சள் நுரை கருகி ஒழுகி, தட்டின் கம்பியில் சொட்டி இறுகிக் கிடந்தது. மீன் பார்க்க அழகான பொன்னிறம். மோந்து பார்த்தால் ஒயர் எரிந்த வாடை. நாற்பது மீனையும் குழி தோண்டிப் புதைத்தோம். நாய் தின்றுவிடக் கூடாதே என்று.

சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மீன் பத்திரமாக வேக, சதையின் நடுப்பகுதி 63 டிகிரியைத் தொட்டு, அரை மணி நேரமாவது அதற்குக் கீழே இறங்காமல் நிற்க வேண்டும். அதற்குப் பெட்டிக்குள் காற்று 80-லிருந்து 110 டிகிரி வரை சூடாக வேண்டும். மீனுக்கு அந்தச் சூடு வேண்டும், பிளாஸ்டிக் ஃபிரிட்ஜ் அந்தச் சூட்டைத் தாங்காது. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்கவே நடக்காது.

வழி இரண்டு. ஒன்று, பிளாஸ்டிக்கையும் நுரையையும் கடைசித் துணுக்குவரை சுரண்டி எடுத்து, வெளிக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே ராக்வூல் அடைத்து எவர்சில்வர் தகடு அடிப்பது. கதவின் ரப்பர் பட்டையையும் எடுத்துவிட்டுச் சூடு தாங்கும் கயிறு வைக்க வேண்டும். வேலை அதிகம். இரண்டாவது, பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு நெருப்பை வெளியே வைப்பது. தனியாக ஓர் இரும்பு அடுப்பு, அதிலிருந்து இரண்டு மீட்டர் நீளக் குழாய். புகை வந்து சேர்வதற்குள் ஆறிவிடும், பெட்டி 30 டிகிரிக்கு மேல் போகாது. ஆனால் இதில் மீன் வேகாது, வாசனை மட்டும்தான் ஏறும். அப்புறம் அடுப்பில் வேக வைத்தே ஆக வேண்டும். நான் இரண்டாவது வழிக்காரன். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

ரம்பத்தையும் டிரில்லையும் கையில் எடுக்கும் முன்னால், ஃபிரிட்ஜைக் குளிர வைக்கும் வாயுவைப் பற்றிக் கேளுங்கள். 1990-களுக்கு முந்தைய பெட்டி என்றால் பெரும்பாலும் ஆர்12 இருக்கும். ஓசோன் படலத்தைக் கெடுத்ததால் 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு உலகமே கைவிட்ட வாயு அது. புதிய பெட்டிகள் பலவற்றில் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் வாயுவுக்குச் சொந்தக்காரன், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பின்பக்க அட்டையில் எந்த வாயு என்று எழுதியிருக்கும். குழாய்கள் முதுகில் மட்டும் ஓடுகின்றன என்று நம்பித்தான் பலர் பக்கச் சுவரில் ஓட்டை போடுகிறார்கள். இன்றைய பெட்டிகளில் பக்கச் சுவருக்குள்ளும் கதவுச் சட்டத்தைச் சுற்றியும்கூடக் குழாய் ஓடும். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிட்டு வாயுவை உருளையில் இறக்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். பண்ணைகளிலிருந்து வரும் பழைய பாரஃபின் ஃபிரிட்ஜ், கேஸ் ஃபிரிட்ஜ் இருக்கிறதே, அதில் இருப்பது அம்மோனியா. அதை வாங்காதீர்கள்.

பழைய கம்பித் தட்டுகளையும் விட்டுவிடுங்கள். அந்தக் காலத்துத் தட்டுகள் சிலவற்றில் காட்மியம் முலாம் உண்டு, உப்பும் புளிப்பும் பட்டால் உணவில் இறங்கும். ஜிங்க் பூசிய தகரக் குழாயும் நெருப்புப் பக்கம் வேண்டாம். எவர்சில்வர் போதும்.

கதவுக்கு வெளியிலிருந்து பூட்டுகிற கொண்டி வைத்திருக்கிறார்கள் சிலர். ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே போய் மாட்டிக்கொண்டால் கத்தினாலும் வெளியே கேட்காது. பழைய கொண்டிக் கதவு ஃபிரிட்ஜ்களில் இப்படிக் குழந்தைகள் இறந்ததால்தான், உள்ளிருந்து தள்ளினால் திறக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1956-ல் சட்டமே போட்டார்கள். காந்தம் வைத்தால் போதும்.

காற்று வழியில் நானே தவறு செய்திருக்கிறேன். புகை வீணாகிறதே என்று மேல் ஓட்டையை ஒரு செங்கல்லால் மூடினேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் கூரையில் பழுப்பு நிறத்தில் தார் மாதிரித் துளிகள் தொங்கின, மீன் மேலும் சொட்டியிருந்தன. ஒரு துண்டை வாயில் வைத்ததும் நாக்கு மரத்துப்போனது. ஃபிரிட்ஜ் எதையும் வெளியே விடாமல் அடைத்து வைக்கச் செய்த பெட்டி. புகைக்கோ ஓட்டம் வேண்டும். மேலே பத்து சென்டிமீட்டர் வாய், அது எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். கூட்டுவதும் குறைப்பதும் கீழே அடுப்பின் காற்று வாயில்தான். வெளியே வரும் புகை மெல்லிசாக, லேசான நீலத்தில் இருந்தால் சரி. கெட்டியான வெள்ளைப் புகை வந்தால் மீனைப் போடாமல் காத்திருங்கள். மழை வந்ததென்று பெட்டியை கராஜுக்குள் தள்ளாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

இனி மரம். தச்சுப் பட்டறையில் சும்மா கிடைக்கிறதே என்று மரத்தூளை அள்ளி வருவது பொதுவான தவறு. அதில் மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் பசை, வார்னிஷ், பூச்சி மருந்து எல்லாம் கலந்திருக்கும். அதைவிட மோசம் பழைய வேலிக் கம்பம். இந்த நாட்டில் கம்பங்களைச் செல்லரிக்காமல் இருக்க செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்தில் ஊற வைப்பார்கள். புதிதாக இருக்கும்போது பச்சைச் சாயல் தெரியும். பத்து வருடம் வெயிலில் நின்றால் சாதாரண மரம் மாதிரி வெளுத்துவிடும், ஆர்சனிக் மட்டும் உள்ளேயே இருக்கும்.

வடக்குப் புதர்க்காட்டில் தம்போட்டி என்ற மரம் உண்டு. வாசனையான, அழகான மரம், மேசை நாற்காலி செய்வார்கள். அதன் பால் கண்ணில் பட்டால் எரியும். அதன் தணலில் பிராய் போட்ட, அதாவது சுட்ட, இறைச்சியைத் தின்றவர்கள் வாந்தியும் பேதியுமாகக் கிடப்பார்கள். நம் ஆட்கள் ஏமாறுவது இன்னொன்றில், சிரிங்காவில். இலை வேப்பிலை போலவே இருக்கும், தெருவெல்லாம் முளைத்து நிற்கும். அது மலைவேம்பு, அதன் காய் விஷம். அரளி கிட்டேயே வேண்டாம். பைன், யூகலிப்டஸ் இரண்டும் மருந்து வாடை ஏற்றும்.

சரி, எதைப் போடுவது? கொய்யா. டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் அது களையாகவே மண்டிக் கிடக்கிறது, காய்ந்த கிளைக்குப் பஞ்சமில்லை. ஆரஞ்சு மரம் நல்லது. இங்கே செகல்பாஸ் என்று விற்கும் விறகைப் பாருங்கள், நம் தமிழ்நாட்டுக் காட்டில் விடத்தேர் என்போமே, அதே மரம்தான். கெட்டியான தணல், இதமான புகை. எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். சிராயைத் தண்ணீரில் ஊற வைத்தால் புகை அதிகம் வரும் என்பார்கள். முதலில் வருவது வெறும் நீராவி.

மீன் பக்கம் வந்தால், கடற்கரையிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. சார்டின், கானாங்கெளுத்தி, கேப் பக்கத்து ஸ்னூக் போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உண்டாகும். முகம் சிவந்து, தலை வலித்து, வாய் எரியும். உண்டான பிறகு புகையோ கொதியோ ஃப்ரீசரோ அதை நீக்காது. வாளியை ஐஸோடு கொண்டு போங்கள்.

உப்பைக் கைக்கணக்கில் போடாமல் நிறுத்துப் போடுங்கள். குடல் எடுத்த சார்டினுக்கு நான் 1 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் உப்பு கரைத்து, ஒரு மணி நேரம் குளிரில் ஊற வைக்கிறேன். அப்புறம் ஓடுகிற ஃபிரிட்ஜுக்குள் கம்பித் தட்டில் பரப்பி உலர விட வேண்டும். விரலால் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்ட வேண்டும், ஈரம் விரலில் வரக் கூடாது. இந்தப் பதம் வராமல் புகையில் வைத்தால் மீன் அழுக்கு நிறமாகிவிடும்.

எங்கள் அவ்வா காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் மீனைக் கட்டித் தொங்கவிட்டார்களே, அப்போது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்கிறார்கள். அது கருவாடு. உப்பு கரிக்கும், கட்டையாகக் காய்ந்திருக்கும், கிருமிக்கு அதில் ஈரமே கிடைக்காது. நாம் இன்று விரும்புவது மெத்தென்ற, உப்புக் குறைந்த மீன். வெறும் புகை அதைக் காக்காது. இதே நாட்டில் 2017, 2018-ல் லிஸ்டீரியா என்ற கிருமி பரவி ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நோய்ப்பட்டார்கள், இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வந்தது போலனி என்கிற, சூடாக்காமல் அப்படியே சாப்பிடுகிற இறைச்சியிலிருந்து. கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் வேகாத புகைமீன் வேண்டவே வேண்டாம்.

டர்பன் கோடையில், இரவிலும் 20 டிகிரிக்குக் குறையாத அந்தப் புழுக்கத்தில், குளிர்ப்புகை (நெருப்பை வெளியே வைத்து ஆறிய புகை விடும் அந்த இரண்டாவது வழி) போடாதீர்கள். ஜூன், ஜூலை இரவுகள்தான் அதற்கு ஏற்றவை, சார்டினும் அப்போதுதான் வருகிறது. காற்றில்லாப் பையில் அடைத்துச் சாதாரண ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் வைப்பதும் ஆபத்து. பாட்டுலிசம் என்ற, ஆளைக் கொல்லக்கூடிய உணவு நச்சு நோயை உண்டாக்கும் கிருமியில் ஒரு வகை 3, 4 டிகிரியிலும் வளரும், காற்றில்லாத இடம்தான் அதற்குப் பிடித்த இடம். அடைத்தால் நேரே ஃப்ரீசருக்கு அனுப்புங்கள், எடுத்துக் கரைக்கும்போது பையைக் கிழித்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் புகை போட்ட சார்டினைத் தக்காளிச் சட்னியில் போடுகிறோம். டப்பா பில்ச்சர்டுக்குச் செய்கிற அதே சட்னிதான், டப்பாவில் இருப்பதும் இதே மீன்தானே. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதங்கித் தக்காளி கொதி வந்ததும் மீனை உடையாமல் இறக்கி, மூடி போட்டு அரை மணி நேரம் சிறுதீயில் விடுகிறோம். கொய்யாப் புகை வாசனை குழம்பு முழுக்க இறங்கியிருக்கும், மீனும் நன்றாக வெந்திருக்கும்.