லேத் பட்டறையில் கன்ட்ரோல் சார்ட் போடுவது எப்படி

சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டு) லேத்தில் ஒரு ஷாஃப்ட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிராயிங்கில் வெளிவிட்டம் 25 மி.மீ., ±0.025. ஆபரேட்டர் ஒரு பீஸை அளக்கிறார், 25.014 காட்டுகிறது, கொஞ்சம் பெரிசா இருக்கே என்று ஆப்செட்டில் (டூல் நிற்கும் இடத்தைத் திருத்தும் எண்) 14 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைக்கிறார். அடுத்த பீஸ் 24.991, உடனே திரும்ப ஏற்றுகிறார். ஷிஃப்ட் முழுக்க இப்படியே ஏற்றி இறக்கினால், மெஷினைத் தொடாமல் விட்டிருந்தால் வந்திருக்கும் ஏற்ற இறக்கத்தைவிடப் பெரியதை நம் கையாலேயே உண்டாக்கிவிடுவோம். இதில் அந்த ஆபரேட்டர் மேல் எந்தத் தப்பும் இல்லை. எப்போது தொடலாம், எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம் என்று சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. அதைச் சொல்வதற்குத்தான் 1924-ல் வால்டர் ஷூஹார்ட், அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில் இருந்தபோது, ஒரு பக்கக் குறிப்பில் முதல் கன்ட்ரோல் சார்ட்டை வரைந்து கொடுத்தார்: அளவுகளை வரும் வரிசையில் புள்ளியாக வைத்து, இயல்பான ஆட்டத்தின் எல்லைக்கு மேலும் கீழும் கோடு போட்ட படம்.

ஆனால் எடுத்தவுடன் அதில் இறங்க வேண்டாம். முதலில் எந்த அளவுக்குச் சார்ட் போடுவது என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு செக் ஷீட் போதும்: ரிஜெக்‌ஷன் தொட்டி பக்கத்தில் ஒரு அட்டை, பென்சில், ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு கோடு. ஒரு வாரம் கழித்து எண்ணினால் வெளிவிட்டம் 46, பர் (வெட்டு ஓரத்தில் நிற்கும் பிசிர்) 19, தட்டுப்பட்ட தழும்பு 11, த்ரெட் 6, மற்றவை 4 என்று வந்தால், பெரியதிலிருந்து சிறியதாகக் கம்பங்களை நிறுத்துங்கள், அதுதான் பரேட்டோ. மொத்தம் 86-ல் முதல் இரண்டு காரணங்கள் மட்டுமே முக்கால் பங்கு. வெளிவிட்டத்தைப் பிடியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

காரணம் தேட ஜப்பானியத் தர நிபுணர் இஷிகாவாவின் மீன் முள் படம் இருக்கிறது: ஆள், மெஷின், மெட்டீரியல், முறை, அளவீடு என்று முட்களை வரைந்து, ஆபரேட்டர்களையும் உட்கார வைத்து எழுதுங்கள். அளவீடு என்ற முள்ளைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள், எனக்குத் தெரிந்து பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மெஷினிலிருந்து சூடாக எடுத்த பீஸ் அறை வெப்பத்தைவிட 20 டிகிரி அதிகமாக இருந்தால், 25 மி.மீ. ஸ்டீல் கிட்டத்தட்ட 6 மைக்ரான் பெரிதாகக் காட்டும். ஆறட்டும், துடையுங்கள், பிறகு மைக்ரோமீட்டரை வையுங்கள். காரணம் இதுதானா என்று சந்தேகம் வந்தால், பீஸின் சூட்டை ஒரு பக்கமும் அளவை இன்னொரு பக்கமும் வைத்துப் புள்ளி வைத்துப் பாருங்கள், ஸ்கேட்டர் படம் அவ்வளவுதான்.

ஹிஸ்டோகிராமைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஐம்பது, நூறு அளவுகளை 5 மைக்ரான் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை என்று கம்பமாக அடுக்குங்கள். நடுவில் ஒரே மேடாக வந்தால் சரி. இரண்டு மேடு வந்தால் பெரும்பாலும் இரண்டு மெஷின் பீஸ்களோ இரண்டு ஷிஃப்ட் பீஸ்களோ ஒரே தொட்டியில் கலந்திருக்கும். 25.025-க்குச் சற்று உள்ளே மட்டும் ஒரு குவியல், அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை என்றால், யாரோ 25.028-ஐ 25.024 என்று எழுதுகிறார்கள். நான் பார்த்த ஒரு யூனிட்டில் அப்படித்தான் இருந்தது. ரிஜெக்‌ஷன் காட்டினால் திட்டு விழும் என்ற பயம். அந்தப் பயம் போகாதவரை எந்தச் சார்ட்டும் உண்மை பேசாது, அதனால் திட்டுவதை முதலில் நிறுத்துங்கள்.

இனி கன்ட்ரோல் சார்ட். மணிக்கொரு முறை அடுத்தடுத்து வரும் 5 பீஸை அளவெடுங்கள், தொட்டியில் கைவிட்டுப் பொறுக்கக் கூடாது. 25.012, 25.008, 25.015, 25.004, 25.011 வந்தால் சராசரி 25.010, பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள இடைவெளி, அதாவது ரேஞ்ச், 11 மைக்ரான். சராசரியை ஒரு சார்ட்டிலும் ரேஞ்சை இன்னொரு சார்ட்டிலும் புள்ளி வையுங்கள். ஆப்செட்டைத் தொடாமல் இப்படி 20 தொகுதி சேருங்கள். சராசரிகளின் சராசரி 25.008, ரேஞ்சுகளின் சராசரி 12 மைக்ரான் என்று வந்தால், ஐந்து பீஸ் தொகுதிக்கு அட்டவணையில் இருக்கும் ஏ2 என்ற எண் 0.577, அதை 12-ஆல் பெருக்கினால் சுமார் 7 மைக்ரான். ஆக நடுக்கோடு 25.008, மேல் கோடு 25.015, கீழ் கோடு 25.001. ரேஞ்ச் சார்ட்டுக்கு டி4 எண் 2.114, மேல் கோடு சுமார் 25 மைக்ரான், கீழே பூஜ்யம்.

இந்தச் சார்ட்டில் டிராயிங் டாலரன்ஸை (அந்த ±0.025 அனுமதியை) வரையாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஐந்து பீஸின் சராசரி தனிப் பீஸைவிடக் குறைவாகத்தான் ஆடும், அதனால் சராசரிப் புள்ளி டாலரன்ஸுக்குள் இருந்தாலும் உள்ளே சில பீஸ் வெளியே போயிருக்கலாம். டிராயிங்கோடு ஒப்பிடுவது தனிக் கணக்கு: 12-ஐ ஐந்து பீஸ் தொகுதிக்கான அட்டவணை எண் 2.326-ஆல் வகுத்தால் சிக்மா, அதாவது தனிப் பீஸ்கள் எவ்வளவு ஆடுகின்றன என்பதன் அளவு, சுமார் 5.16 மைக்ரான், சிபி (டாலரன்ஸ் அகலம் 50 மைக்ரானை ஆறு சிக்மாவால் வகுத்தது) 1.61, ஆனால் சராசரி 8 மைக்ரான் மேலே உட்கார்ந்திருப்பதால் சிபிகே (சராசரியிலிருந்து பக்கத்து எல்லை வரை உள்ள தூரத்தை மூன்று சிக்மாவால் வகுத்தது) 1.10-தான். மெஷின் நல்ல மெஷின், செட்டிங்தான் தள்ளி இருக்கிறது. இப்போது ஆப்செட்டில் 8 மைக்ரான் குறைக்கலாம், ஒரே ஒரு தடவை, அதற்கேற்ப சராசரிச் சார்ட்டின் கோடுகளையும் 8 மைக்ரான் இறக்கிப் போடுங்கள்.

படிக்கும்போது ரேஞ்ச் சார்ட்டை முதலில் பாருங்கள், அது தறிகெட்டிருந்தால் சராசரிச் சார்ட்டின் கோடுகளுக்கு அர்த்தமே இல்லை. பிறகு சராசரி: கோட்டைத் தாண்டிய புள்ளி, நடுக்கோட்டின் ஒரே பக்கம் தொடர்ந்து 8 புள்ளி, இப்படி வந்தால் நிறுத்திக் காரணம் தேடுங்கள். மெதுவாக ஏறிக்கொண்டே போனால் இன்சர்ட் (டூலின் வெட்டு முனை) தேய்கிறது, எத்தனை பீஸுக்கு ஒருமுறை மாற்றலாம் என்பதை அந்த ஏற்றத்தை வைத்தே முடிவு செய்யலாம்.

ஆபீஸ் ஃபைலில் இருக்கும் சார்ட்டால் பயன் கிடையாது. ஷிஃப்ட் முடிவில் ஒரே மூச்சில், ஒரே மையில் நிரப்பப்பட்ட தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மெஷின் கதவுக்குப் பக்கத்தில் மாட்டி, பென்சிலை ஆபரேட்டர் கையில் கொடுங்கள். புள்ளிக்குப் பக்கத்திலேயே "இன்சர்ட் மாற்றியது", "புது பார் லாட்", "கரண்ட் போய் வந்தது" என்று அவர் எழுதட்டும். இன்சர்ட் கிரேடையோ மெஷினையோ மாற்றினால் பழைய கோடுகளை வைத்துக்கொண்டு இழுக்காமல், மறுபடி 20 தொகுதி எடுத்துப் புதுக் கோடு போடுங்கள்.