பனிச்சறுக்குக்குப் போகிறவரே, உங்கள் நிறையை உள்ளபடி சொல்லுங்கள்

வன்னியில் பிறந்தவனுக்கு மேடு என்றால் குளக்கட்டு. சின்ன வயதில் தென்னை மட்டையில் குந்திக்கொண்டு கட்டின் புறச்சரிவில் சறுக்கியதுதான் நான் அறிந்த சறுக்கு. நிறுத்தவும் ஒரே வழிதான்: கீழே நாயுருவிப் பற்றைக்குள் போய் விழுவது. அப்படிப்பட்ட நான் சுவிஸில் பதினொரு குளிர்காலம் சமையலறை வேலை செய்தேன், ஓய்வு நாட்களில் பனிச்சறுக்குப் பழகினேன். இப்போது கிளிநொச்சிக்குத் திரும்பி வயல் செய்கிறேன்.

சென்ற மார்கழியில் லுட்சேர்னில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போனபோது, ஒரு நாள் பனிச்சறுக்கு ஊரான எங்கெல்பேர்க்கிற்கும் போனேன். பலகை வாடகைக்கு எடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள் நின்றார்கள். பேச்சில் முள்ளியவளைப் பக்கம் என்று தெரிந்தது. கடைப் பெண்ணுக்கு அவர்கள் சொன்ன பதில்களைக் கேட்டதும் என் வலது முழங்கால் கூசியது. அதனால்தான் எழுதுகிறேன். ஜீன்ஸ் போடாதே, கையுறையை மறக்காதே என்பதை எல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வளர்கிற பிள்ளையின் சப்பாத்து

தை மாதம் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கும்போது அம்மா கட்டைவிரலுக்கு முன்னால் தன் விரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். இடம் இருந்தால்தான் காசு கொடுப்பார். ஸ்கீ சப்பாத்துக்கு இந்தக் கணக்கு எதிர்மாறு. அதன் அளவு, பாதத்தின் சென்ரிமீற்றர் நீளம். நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தைத் தொட வேண்டும். முழங்காலை மடித்து முன்னால் சாய்ந்தால் குதிக்கால் பின்னால் போய், விரல்கள் விடுபட வேண்டும். இறுக்கம் என்று பயந்து பெரியதை எடுத்தால் உள்ளே குதிக்கால் தூக்கும். அதை அடக்கக் கொளுவிகளை முறுக்குவீர்கள். இரத்த ஓட்டம் குறைந்து விரல் விறைக்கும். உடனே இரண்டாவது காலுறை போடுவீர்கள், இன்னும் விறைக்கும். மெல்லிய காலுறை ஒன்று போதும்.

வாடகைக் கடையில் பொய் சொல்வது

கடையில் ஒரு படிவம் தருவார்கள். உயரம், நிறை, வயது, சறுக்கும் திறம். நம்மவர்கள் அதை ஏதோ முகவரிப் பதிவு என்று எண்ணி, மனதில் வந்ததை நிரப்பி நீட்டுகிறார்கள்.

சப்பாத்தைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்கும் பூட்டுக்கு பைண்டிங் என்று பெயர். பிடிப்பது அதன் பாதி வேலைதான். மறுபாதி, வேண்டிய நேரத்தில் விடுவது. விழும்போது கால் ஒரு பக்கமும் பலகை மறுபக்கமும் முறுகினால் முன்பூட்டு பக்கவாட்டில் திறக்க வேண்டும். முன்னால் குப்புற விழுந்தால் பின்பூட்டு மேல்நோக்கித் திறக்க வேண்டும். எவ்வளவு விசைக்குத் திறப்பது என்பதற்கு, பூட்டின் மேல் சின்ன ஜன்னல் போன்ற இடத்தில் ஓர் எண் தெரியும். எண் கூடினால் திறப்பதற்கு விசையும் கூட வேண்டும். கடைக்காரர் அதைத் திருப்புளியால் மாற்றுவார். உங்கள் முகத்தைப் பார்த்து அல்ல. நிறை, உயரம், வயது, சப்பாத்து அடியின் மில்லிமீற்றர் நீளம், சறுக்கும் வகை ஆகிய ஐந்தையும் அட்டவணையில் பொருத்தி எடுப்பார். வகை மூன்று: மெதுவாகக் கவனமாகச் சறுக்குபவர், நடுத்தரம், செங்குத்தில் வேகமாகப் போகிறவர். வகை ஒரு படி கூடினால் எண்ணும் ஒரு வரி ஏறும். நிறையைக் கூட்டிச் சொன்னால் அதற்கு மேலும் ஏறும்.

என் முதல் குளிர்காலத்தில் என் நிறை 61 கிலோ. பக்கத்தில் நின்ற மச்சான் காதுக்குள் சொன்னான்: “எழுபது என்று சொல். இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகளின் பலகையைத் தந்து அனுப்பிவிடுவார்கள்.” சொன்னேன். வகைக்கான கட்டத்தில் நடுவில் அவனே புள்ளடி போட்டான். தேர்தலில்கூட என் புள்ளடியை வேறொருவன் போட நான் விட்டதில்லை.

காலையிலிருந்து எத்தனையோ தரம் விழுந்தேன், ஒன்றும் ஆகவில்லை. பங்குனி மாதம், பின்னேரம் மூன்று மணி இருக்கும். இறக்கம் முடிந்து, தட்டையான இடத்தில் நடக்கிற வேகத்தில் வந்துகொண்டிருந்தேன். வெயிலில் இளகிய பனி குழைத்த சாந்து போலக் கனத்திருந்தது. வலது பலகையின் உள்விளிம்பு அதில் செருகியது. பலகை வெளிப்பக்கம் போனது, உடம்பு இடப்பக்கம் சுழன்றது, பூட்டு திறக்கவில்லை. பச்சை முருங்கைக்காயை முறிப்பது போல முழங்காலுக்குள் ஒரு சத்தம். அப்போது பெரிய வலிகூட இல்லை. எழுந்து காலை ஊன்றியபோதுதான், தொடை என்னுடையதாகவும் அதற்குக் கீழே இருப்பது வேறு யாருடையதோ போலவும் ஆடியது. கால்பந்துக்காரர்களுக்கு அறுகிற அதே நார் அறுந்திருந்தது.

எண் சரியாக இருந்திருந்தால் முழங்கால் தப்பியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பைண்டிங் முதன்மையாகக் கீழ்க்கால் எலும்பு முறியாமல் காப்பதற்கே வடிவமைக்கப்பட்டது. ஆனால் புதியவன் விழுவதெல்லாம் இப்படி மெதுவாக, முறுகி விழுவதுதான். பூட்டைத் திறக்கப் போதிய விசை அதில் எழுவது ஏற்கெனவே அரிது. அதன்மேல் ஒன்பது கிலோப் பொய்யையும் ஏற்றிவைத்தால் அது எப்படித் திறக்கும்?

சத்திரசிகிச்சைக்கு முன் மயக்க மருந்துக்காக நிறை கேட்டார்கள். 61 என்றேன். தோடம்பழப் பையோடு பக்கத்தில் நின்ற மச்சான் ஜன்னலைப் பார்த்தான். ஏழு மாதம் வேலைக்குப் போகவில்லை. இன்றும் வயல் வரம்பிலிருந்து இறங்கும்போது இடது காலைத்தான் முதலில் வைக்கிறேன்.

எங்கெல்பேர்க்கிற்கு வருகிறேன். அறுபது கிலோவைத் தாண்டாத ஒரு தம்பி “எழுபத்தைந்து, நடுத்தரம்” என்றான். பொறுக்க முடியாமல் தோளைத் தட்டினேன். “ஐயா, வீடியோ பார்த்துப் பழகியிருக்கிறோம்” என்றான். கால்சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினேன். கூட வந்தவன் தன் படிவத்தைத் திருப்பி வாங்கித் திருத்தினான். இவன் திருத்தவில்லை. அடுத்து என் முறை. 50 வயதாகிவிட்டால் அட்டவணையில் எண் ஒரு வரி இறங்கும். அந்தப் பெண் வயதைக் கேட்டபோது நாற்பத்தெட்டு என்று நாக்கு நுனிவரை வந்தது. 53 என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

இன்னும் ஒன்று. கடிக்கிறது என்று மத்தியானம் சப்பாத்தை மாற்றப் போனால் பலகைகளையும் கொண்டுபோங்கள். அடியின் நீளம் மாறினால் பூட்டையும் மாற்றி அமைக்க வேண்டும்.

டீ-பார் லிப்டில் உட்காருவது

உட்காராதீர்கள். நின்றபடியே பின்பக்கத்தில் முட்டுக்கொடுக்க, உங்களை மேட்டுக்கு இழுத்துப் போகும் கம்பி அது, சைக்கிள் கரியர் அல்ல.

கனடா மச்சானின் நீலம்

வன்னியில் பாதி வீடுகளுக்குக் கனடாவிலும் ஆள் உண்டு, ஐரோப்பாவிலும் ஆள் உண்டு. இருவரிடமும் புத்தி கேட்டுவிட்டுப் போவதால் வரும் குழப்பம் இது. கனடாவில் பச்சை வட்டம் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். சுவிஸில் நீலம் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். சுவிஸில் பழகிய கண்ணோடு கனடா போய் நீலத்தில் இறங்கினால், உங்களுக்குக் கிடைப்பது சுவிஸில் சிவப்பு என்று எழுதிய சரிவு.

ஸ்னோபோர்ட் லேசு என்று நினைப்பது

ஒரே பலகைதானே என்பார்கள். அந்த ஒரு பலகையில் இரண்டு காலும் பூட்டியிருக்கும். விழுந்தாலும் அந்தப் பூட்டு திறக்காது. முழங்கால் முறுகுவது குறைவு, ஆனால் விழும்போது கையை ஊன்றுவீர்கள், மணிக்கட்டு முறியும். மணிக்கட்டுக் காப்பு போடுங்கள். கையை விரிக்காமல் பொத்திக்கொண்டு, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் விழப் பழகுங்கள். டீ-பார் லிப்ட் இவர்களுக்கு இன்னும் பெரிய சோதனை. முதல் நாள் அதன் பக்கமே போக வேண்டாம்.

“கச்சான் வெயிலில் நின்ற தோல்”

கச்சான் தோட்டத்தில் நாள் முழுக்க நின்றவன், எனக்குக் களிம்பு எதற்கு என்று நானும் கேட்டவன்தான். எங்கெல்பேர்க்கிலிருந்து தித்லிஸ் மலைக்கு ஏறும் கேபிள் கார் கொண்டுபோய் இறக்கும் இடம் 3,020 மீற்றர். நமது பிதுருதலாகல மலையின் உச்சியே 2,524 மீற்றர்தான். உயரம் ஏற ஏறப் புறஊதாக் கதிர் கூடும். புதுப்பனி அதில் 80 வீதம்வரை திருப்பி மேலே அடிக்கும், நாடிக்குக் கீழும் மூக்குத் துவாரத்திலும் தோல் உரியும். தோலாவது ஆறிவிடும். கண்ணாடி போடாத கண்ணில் அன்றிரவு மணல் கொட்டியது போல இருக்கும்.

வீசாக் காப்புறுதியை நம்புவது

சுவிஸுக்குச் சுற்றுலா போக எடுக்கும் ஷெங்கன் வீசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அதைக் காட்டி வீசா எடுத்ததால் எல்லாம் அதற்குள் அடங்கும் என்று நினைக்கிறார்கள். மலிவான பல பத்திரங்களில் குளிர்கால விளையாட்டு விலக்கப்பட்டிருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். நான் அங்கே வேலையில் இருந்தவன். சட்டப்படி விபத்துக் காப்புறுதி இருந்தது, சம்பளத்தில் 80 வீதம் வீட்டுக்கு வந்தது. சுற்றுலா போகிறவருக்கு அது கிடையாது. ஹெலிகொப்டர் வந்து தூக்கினால் அதற்கு மட்டுமே ஆயிரக்கணக்கான பிராங்க் பற்றுச்சீட்டு வரும்.

“கடைசியாக ஒரு தரம்”

வேண்டாம். கேபிள் காரில் இறங்குங்கள். அதற்கும் சேர்த்துத்தான் காலையில் டிக்கெட் எடுத்தீர்கள்.