பின்னிருக்கை இருந்த இடத்தில் வி6: நடு எஞ்சின் ஹாட் ஹேட்ச்களை அணுகுவது எப்படி

ஒரு சிறிய குடும்பக் காரின் பின்னிருக்கையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அதன் தகுதிக்கு மீறிய எஞ்சினை ஏற்றி, பின்சக்கரங்களைச் சுழலச் செய்வது, கணக்குப் பார்க்கும் எவரும் ஒப்புக்கொள்ளாத வேலை. இடம் போகிறது, விலை ஏறுகிறது, எடை கூடுகிறது. இவ்வளவுக்கும் பிறகு கிடைக்கும் வேகத்துக்குக் கிட்டத்தட்ட ஈடான வேகத்தை முன்பக்க எஞ்சின் கொண்ட வழக்கமான ஹாட் ஹேட்ச் (பின்பக்கம் மேலே திறக்கும் சிறிய காரின் வேகப் பதிப்பு) மலிவாகவே தந்துவிடும். ஆனாலும் இந்த வகைக் கார்களைப் பற்றிப் பேச்செடுத்தால், கார்ப் பித்துள்ளவர்கள் இருக்கையை விட்டு எழ மாட்டார்கள். இவற்றை எப்படிப் பார்ப்பது, எப்படி ஓட்டுவது, சிங்கப்பூரில் இருந்துகொண்டு இவற்றின் சுவையை எந்த வழியில் அறிவது என்பதையே இங்கே சொல்லப்போகிறேன். வாங்கும் வழியைப் பெரிதாகச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

இத்தகைய எந்தக் காரைப் பார்த்தாலும், எஞ்சின் ஏன் அங்கே போனது என்று முதலில் கேளுங்கள். பழைய கார்களுக்கு விடை பெரும்பாலும் ராலிப் பந்தய விதிகளில் இருக்கும். 1980இல் வந்த ரெனோ 5 டர்போவை எடுத்துக்கொள்வோம். சாதாரண ரெனோ 5 முன்சக்கரங்களால் இயங்குவது. பந்தயத்துக்கு வேண்டிய பிடிமானம் அதில் கிட்டாது என்பதால், அதன் 1,397 சிசி எஞ்சினுக்கு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவைப் பொருத்தி, இருக்கைகளுக்குப் பின்னால் நகர்த்தி, 160 குதிரைத்திறனைப் பின்சக்கரங்களுக்கு அனுப்பினார்கள். டர்போ எஞ்சினின் கொள்ளளவை 1.4ஆல் பெருக்கியே வகைப்படுத்த வேண்டும் என்பது அன்றைய விதி. பெருக்கினால் 1,956 சிசி வரும். இரண்டு லிட்டர் பிரிவுக்குள் கச்சிதமாக அடங்கிவிடும். 1981இல் ஜான் ரக்னோட்டி இந்தக் காரில் மான்டி கார்லோ ராலியை வென்றார். பெஜோ 205 டர்போ 16 காரின் 1,775 சிசியும் இதே பெருக்கல் கணக்கில் பிறந்ததுதான்; விதியை நிறைவுசெய்யச் சாலைக்கென்று 200 கார்கள் செய்தார்கள், 1985, 1986 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலக ராலிப் பட்டத்தை வாங்கினார்கள்.

இந்தக் கூட்டத்தில் எஞ்சின் அளவால் தனித்து நிற்பது எம்ஜி மெட்ரோ 6ஆர்4. பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வந்த மெட்ரோவில் 998 சிசி எஞ்சின் இருந்தது; அதே பெயரைத் தாங்கிய இந்த வண்டியிலோ டர்போவே இல்லாத மூன்று லிட்டர் வி6, அதாவது ஆறு சிலிண்டர்கள் ‘வி’ வடிவில் அமைந்த எஞ்சின். அது களமிறங்கிய மறு ஆண்டே, 1986இல், ராலியின் அன்றைய உச்சப் பிரிவான குரூப் பி பந்தயங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள். எஞ்சின் மட்டும் வீணாகவில்லை. டிடபிள்யூஆர் என்ற பிரிட்டிஷ் பந்தய நிறுவனத்தின் கைக்குப் போய், இரட்டை டர்போவுடன் ஜாகுவார் எக்ஸ்ஜே220 காரில் மறுபிறவி எடுத்தது.

பந்தய விதியின் கட்டாயம் இல்லாமல் பிறந்தது 2001இல் வந்த ரெனோ கிளியோ வி6. அதன் சாலைப் பதிப்பை உருவாக்கி, ஸ்வீடனின் உட்டெவல்லாவில் தயாரித்ததும் அதே டிடபிள்யூஆர்தான். லகூனா என்ற பெரிய குடும்பக் காரின் 2,946 சிசி வி6 எஞ்சினை எடுத்து, கிளியோவின் பின்னிருக்கை இருந்த இடத்தில் குறுக்காக வைத்தார்கள், 230 குதிரைத்திறன். 2003இல் பிரான்சின் தியெப் நகரில் தயாரான இரண்டாம் பதிப்பில் அது 255 ஆனது. வழுக்கும் குணத்தைக் கட்டுப்படுத்த முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான நீளத்தையும் சற்றுக் கூட்டினார்கள். அக்காலத்தில் அதே ரெனோ கடையில் 172 குதிரைத்திறன் கொண்ட முன்சக்கர இயக்கக் கிளியோவும் கிடைத்தது. அது வி6ஐவிட ஏறக்குறைய 300 கிலோ இலேசானது என்பதால், வளைந்து நெளிந்த சாலையில் வி6 அதை எளிதில் உதறிவிட முடியாது. பயன் என்ற பேச்சுக்கே இடமில்லாத இந்தக் கிளியோதான் இந்த வகையின் உச்சம் என்பது என் கருத்து. 2007இல் ஃபோக்ஸ்வாகன் காட்டிய கோல்ஃப் ஜிடிஐ டபிள்யூ12-650 இன்னும் பெரிய கூத்து: பென்ட்லியின் ஆறு லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின், 650 குதிரைத்திறன். ஆனால் அது கண்காட்சிக்கென்றே செய்த ஒற்றை வண்டி. விற்பனைக்கு வந்து, ஒருவர் வீட்டு வாசலில் நின்று, மழையில் நனைந்த காருக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன்.

காரை நேரில் பார்க்க வாய்த்தால், முன்பக்கத்துக்குப் போகாமல் பின்சக்கரத்துக்கு முன்னுள்ள உடலைப் பாருங்கள். சாதாரண கிளியோவில் கதவோடு சமமாக ஓடும் தகடு, வி6இல் விலா புடைத்தது போல் வெளியே வந்து, நடுவே காற்று வாங்கும் துளையாகத் திறந்திருக்கும். அலங்காரமாகத் தோன்றினாலும், எஞ்சினுக்கு மூச்சும் குளிர்ச்சியும் அந்த வழியாகவே போக வேண்டும். பிறகு பின்கதவைத் தூக்கச் சொல்லுங்கள். எஞ்சின் உடனே தெரியாது. கம்பளம் ஒட்டிய ஒரு மூடி தெரியும். அதைக் கழற்றினால், மூன்று சிலிண்டர்கள் ஒரு பக்கமும் மூன்று மறுபக்கமுமாக, கை நுழைய இடமில்லாமல் வி6 உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து ஓட்டுநரின் முதுகுக்கு எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்து பாருங்கள். இந்தக் கார்களின் கவர்ச்சியில் பாதி அந்த இடைவெளியில் இருக்கிறது.

மீதிப் பாதி, வண்டி வளைவில் நடந்துகொள்ளும் விதத்தில் இருக்கிறது. எடை இரு அச்சுகளுக்கும் நடுவே குவிந்திருப்பதால் நிலைமத் திருப்புத்திறன், அதாவது திரும்புவதற்கு வண்டி காட்டும் எதிர்ப்பு, குறைவு. ஸ்டியரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்பிவிடும். வேகம் கூட்டும்போது எடை பின்னால் சாய்வதால், இயக்கும் சக்கரங்களின் பிடி இறுகுகிறது. முன்சக்கர இயக்கக் காரில் இதற்கு நேர்மாறாக, ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க முன்சக்கரங்களின் பிடி தளரும். ஆனால் விரைவாகத் திரும்பும் வண்டி விரைவாகச் சுழலவும் செய்யும். நீளம் குறைவு, எடையில் பெரும்பகுதி ஓட்டுநருக்குப் பின்னால். வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், எடை முன்னால் பாய்ந்து, பிடி தளர்ந்த பின்பக்கம் வீசியெறிந்த கயிற்றின் நுனிபோல் சுற்றிக்கொண்டு வரும். எனவே பிரேக்கை வளைவுக்கு முன்பே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வளைவுக்குள் நுழைந்ததும் ஆக்ஸிலரேட்டரை மெதுவாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பாதியில் மனம் மாறக்கூடாது.

நம் ஊர் மழை இந்த அறிவுரையை இன்னும் கண்டிப்பாக்குகிறது. பின்பக்க டயர்கள் அகலமானவை என்பதால், நவம்பர் முதல் ஜனவரி வரையிலான பருவமழையில் விரைவுச்சாலையில் தேங்கும் நீர்மேல் அவை மிதக்கத் தொடங்கும். டயர்களின் உட்புற விளிம்பைக் குனிந்து பாருங்கள், தேய்மானம் முதலில் அங்கேதான் ஒளிந்திருக்கும். பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணையும் படியுங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அதிகம் ஓடாத கார்களில் பள்ளம் புதிதாகவும் ரப்பர் கிழடாகவும் இருப்பது வழக்கம். வெப்பமும் இன்னொரு எதிரி. எஞ்சின் பின்னால், ரேடியேட்டர் முன்னால் என்ற அமைப்பில் குளிர்நீர் காரின் முழு நீளமும் குழாய்களில் போய்வர வேண்டும். அதில் காற்று தங்கினால் சூடு ஏறும். போக்குவரத்து நெரிசலில் வெப்பமுள்ளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள். ஓட்டி முடித்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் பேட்டையின் பலமாடி நிறுத்துமிடத்தில் காரை விட்டபின், பின்கதவுத் தகட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

இனி வாங்கும் பேச்சு. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிப்படி மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய காரை வழக்கமான முறையில் இறக்குமதி செய்து பதிவுசெய்ய முடியாது. பழங்கார்களுக்கான கிளாசிக் திட்டத்துக்குக் குறைந்தது 35 வயது வேண்டும். 2001ஆம் ஆண்டுக் கிளியோ வி6 அந்த வயதை எட்டுவது 2036இல். அப்போதும் ஆண்டுக்குக் குறிப்பிட்ட நாள்கள் மட்டுமே ஓட்டலாம். ரெனோ 5 டர்போ வயதைத் தாண்டிவிட்டது, ஆனால் அதை இடப்பக்க ஸ்டியரிங்குடன் மட்டுமே தயாரித்தார்கள். சாலை வரி சிசியை வைத்துக் கணக்கிடப்படுவதால், 1,397 சிசிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 620 வெள்ளி என்றால் 2,946 சிசிக்கு 2,300 வெள்ளியைத் தாண்டுகிறது. பத்து வயதைக் கடந்த காருக்கு இதன்மேல் கூடுதல் கட்டணம் படிப்படியாக ஏறி 50 விழுக்காட்டில் நிற்கும். பெரிய எஞ்சின் மீதான காதலுக்கு இந்த ஊர் நேரடியாகவே அபராதம் விதிக்கிறது என்று சொல்லலாம். சுஸுக்கி ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கிப் பட்டறையில் எஞ்சினைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம் என்று கனவு காண்பவர்களுக்கு ஒரு சொல்: எஞ்சினை மாற்றவே ஆணையத்தின் அனுமதி வேண்டும்; சேஸியை (காரின் அடிச்சட்டத்தை) வெட்டும் யோசனையைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள்.

ஆகவே சுவையைப் பிரித்துப் பிரித்துத் தேடுவதே இங்கே நடைமுறைக்கு உகந்தது. நடு எஞ்சினின் திரும்பும் குணத்தை அறிய டொயோட்டா எம்ஆர்-எஸ், லோட்டஸ் எலிஸ், போர்ஷே கேமன் ஆகியவற்றில் ஒன்று போதும். நண்பரின் காரில் பயணியாக உட்கார்ந்தாலும் காதுக்குப் பின்னால் காற்றை உறிஞ்சும் ஒலி ஒன்றேதான். மூன்றிலும் எலிஸுக்கே என் வாக்கு, ஏனென்றால் அதில் எஞ்சினுக்கும் உங்களுக்கும் நடுவே நிறுவனம் அதிகமாக எதையும் வைக்கவில்லை. விரைவுச்சாலையின் உச்ச வேக வரம்பு 90 கிலோமீட்டர் என்பதால், வளைவில் நான் சொன்ன முறையைப் பழக மலேசியாவின் சிலாங்கூரிலுள்ள செப்பாங் கார்ப் பந்தய ஓடுதளமே பொருத்தமான இடம். 5.5 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அந்தத் தளத்தின் அகலம் தவறுகளை ஓரளவு மன்னிக்கும். வேகத்தோடு நுழைந்து மெல்ல இறுகும் அதன் வலப்பக்க வளைவுகளில்தான் காலை எடுக்கும் ஆசை மிகும் என்பதையும் நினைவில் வையுங்கள். புறப்படுமுன் காப்புறுதி ஒப்பந்தத்தைப் படியுங்கள், ஓடுதளத்தில் நேரும் சேதத்தைச் சாதாரணக் காப்புறுதி பொதுவாக ஏற்காது. பிரேக் எண்ணெயைப் புதிதாக மாற்றுங்கள். உட்லண்ட்ஸ் வழியாகவோ துவாஸ் வழியாகவோ போனாலும், சிங்கப்பூர்ப் பதிவுள்ள காரின் பெட்ரோல் தொட்டி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். பந்தயத்துக்கு எடை குறைக்கிறேன் என்ற வாதம் சோதனைச் சாவடியில் எடுபடாது.