ஒப்படைக்கு ரூப்ரிக் செய்றது எப்படி: 'நன்று'ன்னு எழுதின பெட்டிய முதல்ல அழிங்க

எஸ்பிஏ (பள்ளிக்கூடத்துலயே புள்ளி போடுற மதிப்பீடு) ஃபைலுக்காக, புள்ளைகள் செஞ்சு குடுக்கிற ஒப்படைக்கு அவசரத்துல ஒரு ரூப்ரிக் (எப்படிச் செஞ்சா எத்தனை புள்ளின்னு சொல்ற அட்டவணை) போட்டிருப்பீங்க, "மிக நன்று, நன்று, சாதாரணம், விருத்தியடைய வேண்டும்"னு நாலு பெட்டி, மேல 4, 3, 2, 1. நானும் அப்படித்தான் பல வருஷம் ஓட்டினேன். ஒரு நாள் ஒரு அம்மா வந்து "மிஸ், என்ட மகனுக்கு ஏன் 13, பக்கத்துப் புள்ளைக்கு ஏன் 16?"ன்னு கேட்டாங்க, ரூப்ரிக்க விரிச்சுப் பார்த்தா எனக்கே பதில் இல்ல, அவன்ட 'நன்று', அவள்ட 'மிக நன்று', அவ்வளவுதான் எழுதியிருக்கு.

அதனால ரூப்ரிக்க வெறும் பேப்பர்ல இருந்து தொடங்காதீங்க. போன வருஷத்து ஒப்படைகள்ல ஒரு பதினஞ்ச எடுங்க, புள்ளி போடாம வாசிச்சு நாலு குவியலாப் பிரிங்க. பிறகு ஒவ்வொரு குவியலையும் பார்த்து "இத ஏன் இங்க போட்டேன்?"னு ஒரு தாள்ல எழுதுங்க. அந்தக் காரணங்கள்தான் உங்கட ரூப்ரிக், மிச்சம் எல்லாம் கோடு போடுற வேலை.

நான் தரம் 9க்கு ஒருக்கா பேரே வாவிய நேர்ல போய்ப் பார்த்து மூணு பக்கம் எழுதச் சொன்னேன். ஒரு புள்ளை "பேரே வாவி கொழும்பு மாநகரின் இதயமாகத் திகழ்கிறது"ன்னு தொடங்கி போர்த்துக்கேயர் காலம் வரைக்கும் போயிட்டா, ஸ்பைரல் பைண்டிங், கலர் பிரிண்ட், கொமியூனிகேஷன் கடையில அப்பா காசு குடுத்துச் செஞ்சது பார்த்தவுடனே தெரியுது. இன்னொருத்தன் கொப்பித் தாள்ல "கங்காராமைப் பக்கம் நின்னேன், தன்ணி பச்சை, கூழைக்கடா 11 இருந்திச்சு, ஒரு குழாயிலிருந்து ஊத்தை வருது"ன்னு எழுதியிருந்தான். பழைய ரூப்ரிக்ல முதலாவதுக்குத்தான் கூட வரும். நான் கேட்டது பார்க்கிறதத்தானே, அப்போ ரூப்ரிக் பிழை.

பிறகு 'அவதானிப்பு'ங்கிற நியதிய (புள்ளி போடப் பார்க்கிற ஒரு விஷயம்) இப்படி மாத்தினேன்:

4: போன நாள், நேரம், நின்ன இடம் இருக்கு; கண்டது குறைஞ்சது மூணு இருக்கு; அதுல ஒண்ணாவது எண்ணினது இல்லாட்டி அளந்தது.
3: இடமும் நேரமும் இருக்கு, கண்டது மூணு இருக்கு, ஆனா எண்ணினதும் அளந்ததும் இல்ல.
2: போனது தெரியுது, ஆனா "அழகா இருந்தது, அசுத்தமா இருந்தது" மாதிரிப் பொதுப்பேச்சு.
1: போகாமலே எழுதக்கூடியது மட்டும்தான்.

கவனிச்சுப் பாருங்க, இதுல 'நல்ல', 'சிறந்த', 'ஓரளவு' ஒண்ணுமே இல்ல. தாள்ல விரல் வெச்சுக் காட்ட ஏலாததை எழுதாதீங்க.

நியதி மூணு போதும், நாலு உச்சம். எனக்கு அவதானிப்பு, காரணம் சொல்றது (தண்ணி ஏன் பச்சை, கழிவுல வர்ற சத்து பாசிய எப்படி வளர்க்குது), ஒழுங்கும் மொழியும். முதல் ரெண்டையும் ரெண்டால பெருக்கிறேன், 8 + 8 + 4, மொத்தம் 20. எழுத்துப்பிழைக்கு மூணாவதுல மட்டும்தான் வெட்டு, 'தன்ணி'ன்னு எழுதினதுக்கு அவதானிப்புலயும் குறைச்சா ஒரே பிழைக்கு ரெண்டு அடி. அட்டைக்குப் புள்ளி இல்ல, இதுக்கு என்னோட சண்டைக்கு வந்த டீச்சர்மாரும் இருக்காங்க, பரவாயில்ல.

இப்ப பலரும் விடுற இடம், கணக்கு. எல்லா நியதியிலயும் 3 எடுத்த புள்ளைக்கு 15, அதாவது 75 வீதம், நேரா ஏ. எல்லாத்துலயும் 1 எடுத்தா 5, வெறும் 25 வீதம், டபிள்யூ, அதாவது ஃபெயில். அப்போ உங்கட '3' உண்மையிலயே ஏ எடுக்கத் தகுந்த வேலையா, '1' ஃபெயில் ஆகத் தகுந்த வேலையான்னு பெட்டிய வாசிச்சுப் பாருங்க. இல்லன்னா மாத்த வேண்டியது வசனத்த, கடைசியில புள்ளிய இழுத்து ஒட்டக்கூடாது.

செஞ்சு முடிச்சதும் பக்கத்து வகுப்பு டீச்சர்கிட்ட அஞ்சு தாளக் குடுங்க, நீங்களும் அதே அஞ்சுக்குத் தனியாப் போடுங்க. ஒரு படி வித்தியாசம் வந்தா விடுங்க, ரெண்டு படி வந்தா அந்தப் பெட்டி வசனம் ரெண்டு விதமா வாசிக்குது, திருத்தணும்.

திருத்தக்குள்ள நாப்பது தாளுக்கும் முதல்ல அவதானிப்ப மட்டும் போட்டு முடிங்க, பிறகு அடுத்த நியதி. ஒரு புள்ளையின்ட தாள முழுசாப் போட்டா, வடிவான கையெழுத்து நம்மள ஏமாத்திரும்.

ரூப்ரிக்க ஒப்படையோட சேர்த்தே குடுங்க, முடிஞ்ச பிறகு குடுத்தா அது வெறும் தீர்ப்பு. குடுக்கிற அன்னைக்கு ஒரு பழைய தாள வகுப்புல காட்டி அவங்களையே புள்ளி போடச் சொல்லுங்க, இருபது நிமிஷம் போகும், பிறகு வாட்ஸ்அப் குரூப்ல "மிஸ் எத்தனை பக்கம்?" குறையும். பேர மறைச்சா மட்டும் பத்தாது, நான் மறைச்சுத்தான் ஃபோட்டோக்கொப்பி அடிச்சேன், கையெழுத்தப் பார்த்தே "இது அவள்ட அண்ணன்ட!"னு கண்டுபிடிச்சிட்டாங்க. இப்ப டைப் அடிச்சுத்தான் காட்டுறேன், பிழையெல்லாம் அப்படியே விட்டு.