வாங்க வந்தவர் பாதியில் திரும்புவது ஏன்? ஆன்லைன் கடைகள் செய்யும் தவறுகள்

கார்ட்டில் பொருளைப் போட்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் பணம் கட்டாமலே போய்விடுகிறார்கள். பேமார்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் சராசரி இது. சும்மா பார்க்க வந்தவர்களைக் கழித்துவிட்டால், மற்றவர்கள் சொல்லும் முதல் காரணம் கடைசித் திரையில் கூடிவிடும் தொகைதான்.

பொருளின் பக்கத்தில் விலை 900. முகவரி, போன் நம்பர் எல்லாம் கொடுத்து முடித்தபின் டெலிவரி 80, பேக்கிங் 30, ஏதோ ஒரு ‘சேவைக் கட்டணம்’ 10 என்று 1,020 வந்து நிற்கிறது. அந்த 120 பெரிய தொகையாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் ‘இதை மறைத்தவர்கள் இன்னும் எதை மறைத்திருப்பார்கள்?’ என்ற சந்தேகம் அந்த இடத்தில்தான் முளைக்கிறது. டெலிவரிக் கட்டணத்தை விலைக்கு நேர் கீழேயே எழுதுங்கள். ஊருக்கு ஊர் மாறுமென்றால், அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்க்கும் கட்டத்தை அங்கேயே வையுங்கள். மொத்தத் தொகையைக் காட்டும் முன் கணக்குத் தொடங்கச் சொல்லாதீர்கள். இன்சூரன்ஸ், நன்கொடை போன்றவற்றுக்கு நீங்களே டிக் போட்டு வைப்பதும் வேண்டாம். கவனிக்காமல் பணம் கட்டியவர் பில்லைப் பார்த்தபின் திரும்பி வரமாட்டார்.

அடுத்தது ரிவ்யூ. ஒரு ஸ்டார் வந்தாலே அழித்துவிடும் பழக்கம் பல கடைகளுக்கு உண்டு. அதனால் நஷ்டம் கடைக்குத்தான். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சராசரி ரேட்டிங் 4.0 முதல் 4.7 வரை இருக்கும்போதுதான் வாங்கும் வாய்ப்பு உச்சத்தில் இருக்கிறது. 5ஐ நெருங்கும்போது குறையத் தொடங்குகிறது. குறையே சொல்லாத பக்கத்தை யாரும் நம்புவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் ஒன்று, இரண்டு ஸ்டார் ரிவ்யூக்களைத்தான் முதலில் திறக்கிறார்கள். தையல் பிரிந்தது என்று ஒருவர் எழுதியிருந்தால், எந்த லாட்டில் கோளாறு, அவருக்கு மாற்றிக் கொடுத்தீர்களா என்று அதன் கீழேயே பதில் எழுதுங்கள். எல்லோருக்கும் ஒரே ‘சிரமத்திற்கு வருந்துகிறோம்’ என்று ஒட்டுவதற்குப் பேசாமலே இருக்கலாம்.

ரிவ்யூ கேட்கும் நாளிலும் தவறு நடக்கிறது. பொருள் போய்ச் சேர்ந்த அன்றே கேட்டால் ‘டெலிவரி சூப்பர்’ என்றுதான் வரும். அது கூரியர்காரருக்கான பாராட்டு. சட்டைக்கு இரண்டு சலவையாவது ஆகட்டும், மிக்ஸிக்கு ஒரு மாதம் போகட்டும்.

ரிட்டர்ன் விதியில் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்ற ஒற்றை வரி எதையும் சொல்வதில்லை. எத்தனை நாள், அந்த நாள் ஆர்டர் போட்டதிலிருந்தா கைக்கு வந்ததிலிருந்தா, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, பணம் எப்போது வரும் என்ற நான்குக்கும் பதில் வேண்டும். ரீஃபண்டில்தான் அதிகச் சண்டை வருகிறது. நீங்கள் அன்றே அனுப்பினாலும் வங்கிக் கணக்கில் ஏறச் சில நாள் ஆகலாம். ‘நாங்கள் அனுப்பும் நாள்’, ‘வங்கி எடுத்துக்கொள்ளும் நாள்’ என்று பிரித்து எழுதி, பரிவர்த்தனை எண்ணையும் அனுப்பிவிட்டால் பாதி போன் அழைப்புகள் வராது.

உலாவியில் தள முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுச் சின்னத்தைக் காட்டி ‘பாதுகாப்பான தளம்’ என்று பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. நடுவழியில் யாரும் தகவலைப் படிக்க முடியாது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அதற்கான சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, மோசடித் தளங்களும் வைத்திருக்கின்றன. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் குரோம் உலாவி 2023இல் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது. கிளிக் செய்தால் எங்கும் போகாத ‘நம்பிக்கை முத்திரை’ படங்களும் இதே ரகம்.

‘இன்னும் 10 நிமிடம்தான்’ என்று ஓடும் கடிகாரம், பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்ததும் மறுபடி பத்திலிருந்து தொடங்கினால் அதோடு கதை முடிந்தது.

டெலிவரிக்கு ‘3-5 நாள்’ என்று போடாமல் தேதியைச் சொல்லுங்கள். பேக்கிங்கும் விடுமுறையும் அந்தக் கணக்கில் சேரட்டும். இரண்டு நாள் என்று சொல்லி நான்காம் நாள் கொடுப்பவரைவிட, ஐந்து என்று சொல்லி நான்கில் கொடுப்பவருக்குத்தான் அடுத்த ஆர்டர் வரும். தாமதம் ஆகுமென்று தெரிந்தால், வாடிக்கையாளர் கேட்கும் முன்பே புதிய தேதியையும் ஆர்டரை ரத்து செய்யும் லிங்க்கையும் ஒரே மெசேஜில் அனுப்புங்கள்.